சுடும் பனிமலை

கதை அளப்பதில் வாயாடியை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் இதுவரை விட்ட கதைகளை லாரியில் ஏற்றினால் லாரி நகராது. அப்பா அவளுக்கு அந்தப் பட்டப்பெயரைச் சும்மா வைக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஓர் உரத் தொழிற்சாலை இருந்தது. அங்கே கொட்டிக் கொட்டிச் சேர்ந்த கழிவு, வெள்ளை வெளேரென்று ஒரு மலையாகவே நின்றது. அந்தத் தெருவில் விளையாட ஒரு துணை இல்லை. விடுமுறைக்குச் சித்தி மகன் பொடியனை எப்படியாவது வரவழைக்க வேண்டும். அதனால் போனில் ஒரு கதையை அடித்துவிட்டாள்: "எங்க வீட்டுக்குப் பின்னாடி பனிமலை இருக்குடா!"

பொடியனைச் சித்தி கொண்டுவந்து விட்டுப் போனாள். கொளுத்தும் வெயிலில் அவன் தலையில் கம்பளித் தொப்பி, கைகளில் கையுறை.

"அக்கா, அப்பா என்னைக் கடலுக்குக் கூப்பிட்டாரு. நான்தான் பனிமலைக்கே போறேன்னு அழுது அடம்பிடிச்சேன்."

வாயாடிக்குச் சுருக்கென்றது. அவன் கடலைப் பார்த்ததே இல்லை.

பையை வீசிவிட்டு அவன் பின்பக்கம் ஓடினான். காற்று அடித்துக் கொண்டுவந்த வெள்ளைத் தூள் தொழிற்சாலை வேலிக்கு வெளியே குவிந்து கிடந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அள்ளினான்.

"அக்கா, சுடுதே?"

"அது... வெயில் பனிடா. அப்படித்தான் இருக்கும்."

"உருண்டை பிடிச்சா உதிருதே?"

"நீ சரியாப் பிடிக்கல."

வாயாடிக்கே வாய் வறண்டது.

"ருசி பாத்துடறேன்" என்று அவன் கையை வாயருகே கொண்டு போனான். அவள் பாய்ந்து தட்டிவிட்டாள்.

"வாயில வைக்காதே! அது பனி இல்ல. தொழிற்சாலைக் கழிவு. உடம்புக்கு ஆகாது."

"பொய்!"

"இல்லடா. முன்னாடி சொன்னதுதான் பொய்."

பொடியன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. குழாயடியில் அவள் அவன் கைகளைத் தேய்த்துக் கழுவினாள்.

"நீ வரணும்னுதான்டா சொன்னேன்."

"சும்மா கூப்பிட்டிருந்தாலே வந்திருப்பேன்க்கா. கடலுக்குப் போயிட்டு வந்திருப்பேன்."

வாயாடி, தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவிடம் போனை வாங்கிச் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, நான்தான் அவன்கிட்ட புளுகினேன். தம்பியைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க."

சித்தப்பா சொன்னார்: "கடலுக்குப் போற எங்க ஆபீஸ் வேன் நாளைக்குக் காலையில கிளம்புதும்மா. அவன் சீட்டு ஒண்ணுதான் காலியா இருக்கு. வர்ற வழியில ஏத்திக்கிறேன். நீ தனியா இருப்பியே, பரவாயில்லையா?"

"பரவாயில்ல சித்தப்பா."

இதுவும் பொய்தான்.

காலையில் வேன் வந்தது. பொடியன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா! கடல் எப்படி இருக்குன்னு வந்து சொல்றேன்." ஒரு கணம் யோசித்தான். "உள்ளது உள்ளபடியே சொல்றேன்."

வாயாடி சிரித்துவிட்டாள். சிரித்து முடிப்பதற்குள் வேன் தெருமுனை திரும்பிவிட்டது.