கேபிள் தின்றது போக...

"உங்க பெட்டி ரொம்பக் கத்துது சார்... ஃபெயில்!"

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

வயர்லெஸ் கருவி எவ்வளவு சக்தியை வெளியே விடுகிறது என்று அளந்து, வரம்பு மீறினால் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ஜட்ஜம்மா என்பார்கள். ஆறு வருடத்தில் ஒரு தீர்ப்பும் தப்பியதில்லை.

அந்த அளக்கும் அறை இருக்கிறதே... சுவர், கூரையெல்லாம் நீல நுரைக் கூம்புகள். உள்ளே போன அலையோ ஒலியோ திரும்பி வராது. ஒருமுறை மேலதிகாரி அங்கே சொன்ன பொய், எதிரொலிக்க வழியில்லாமல் தரையிலேயே விழுந்துவிட்டது. மறுநாள் பெருக்கி அள்ளினார்கள். நான் கூட்டிச் சொல்பவன் அல்ல, இரண்டே முறம்தான்.

அவன் கொண்டுவந்தது, மலையேறுபவர்கள் வழி தவறினால் உதவி கேட்கும் கையடக்க ரேடியோ. அவன் அக்காவின் மூன்று வருட உழைப்பு. ஃபெயில் என்றால் பிரித்துப் போட்டு முதலிலிருந்து...

"எங்க அக்கா கணக்கு தப்பாதுங்க. மீட்டரை இன்னொரு தடவை பாருங்களேன்."

"என் மீட்டர் பொய் சொல்லாது!"

"அது சொல்லாது... நாம சொல்லிக் கொடுத்ததைத்தானே சொல்லும்?"

அவள் நிமிர்ந்தாள். மழை இறங்கப் பார்க்கும் வானம் போல் அந்தக் கண்கள்... எதிரொலியில்லாத அந்த அறையில் இதயம் ஒன்று அடிப்பது தெளிவாகக் கேட்டது. யாருடையது என்றுதான் இருவருக்கும் விளங்கவில்லை.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

'என்ன திமிர்!' என்று முணுமுணுத்தவளின் கை, கேபிளில் பட்டது. பளபளவென்று புதுசு. காலையில் அவளே மாற்றியது.

வழியில் கேபிள் கொஞ்சம் சக்தியைத் தின்னும். தின்றதைக் கூட்டித்தான் கணக்கு. பழைய கேபிள் பெருந்தீனிக்காரன். புதியது கொறிப்பதோடு சரி. மீட்டரிலோ இன்னும் பழையவனின் பசிதான் பதிந்திருந்தது!

மீட்டரில் அந்த எண்ணைத் திருத்தினாள். வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே... பாஸ். ஒரு சின்ன பல்பை ஏற்றவும் போதாத சக்தி. அதுவா பள்ளத்தாக்கைத் தாண்டி ஓர் உயிரை மீட்டு வரப்போகிறது? மலைத்து நின்றாள். பிறகு ஓடினாள்.

வெளியே கொட்டும் மழை. அவன் சட்டைக்குள் பெட்டியைப் பொத்திக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"தப்பு என்னோடது... கேபிள் மாத்தினேன், எண்ணை மாத்தலை."

"தெரியும்."

"எப்போ?"

"அப்பவே. கேபிள் புதுசா மினுங்குச்சு, மீட்டர்ல கூட்டற எண்ணோ பழைய கேபிளோடது."

"வாயில கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன!"

"பாஸானா இன்னியோட முடிஞ்சுது. ஃபெயிலானா மறுபடி வரலாமேன்னு... ஆனா அக்கா முகம் ஞாபகம் வந்துச்சு. சொல்லிடலாம்னுதான் திரும்பினேன்."

"நான் தப்பு பண்றதைப் பார்த்துட்டு சும்மா நின்னிருக்கீங்க!"

"தப்பை எங்கங்க பார்த்தேன்... உங்களைத்தான் பார்த்துட்டு நின்னேன்."

மழைத்துளி அவள் இமையில் தயங்கியது.

"ஆறு வருஷமா தப்பாத நான், இன்னிக்கு ஏன் தப்பினேன் தெரியுமா?"

"ஏன்?"

"புது எண்ணைப் போடறதுக்குத்தான் கையைத் தூக்கினேன்..." அவள் குரல் மழையை விடச் சன்னமானது. "நீங்க கதவைத் திறந்து உள்ள வந்தீங்க."