முனி கேட்ட தாயாடுகள்

"எம் பங்க கோர்ட்டு பிரிச்சுத் தர்றப்ப பட்டியில புழுக்கைதான் கெடக்கும் ஏட்டய்யா" என்றாள் நாகலெட்சுமி.

விவாகரத்து வழக்கு நடக்கும்போதே, கணவன் மூக்கையா தினம் ஓர் ஆட்டை முனிக்கு வெட்டிக் கறியோடு புதைக்கிறானாம். கிடா கேட்கும் முனி, இப்போது குட்டி போட்ட தாயாடாகக் கேட்கிறதாம். அவளைப் பட்டிப் பக்கமே அவன் விடுவதில்லை. தனியாகப் பிழைக்க அவளுக்கு அந்த ஆடுகளை விட்டால் வேறு கதியில்லை.

ஓய்வுபெற்ற ஏட்டு பூமிநாதன் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவர் துப்புத் துலக்கக் கிளம்பும்போதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் ஆட்டோக்காரன் மஹ்மூது, அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

சாயல்குடிக்குத் தெற்கே, பனங்காட்டு நடுவில் முனிக்கல். காற்றே இல்லை, ஆனாலும் மேலே ஓலைகள் உரசிக்கொண்டிருந்தன. கல்லடியில் சிவப்பு இன்னும் காயாமல் தேங்கிக் கிடந்தது. மஹ்மூது ஆட்டோப் பக்கம் பின்வாங்கினான்.

"போயிருவோம் ஏட்டய்யா. இங்கன யாரோ நம்மளப் பாக்குற மாதிரி இருக்கு."

பூமிநாதன் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஓர் ஈ கூட இல்லை. அந்த வழியாக வந்த நாய் மோந்து பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிற்று.

பட்டியில் மூக்கையா தூங்காத கண்களோடு நின்றான். அவன் காலடியில், பிறந்து சில நாளே ஆன குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"தாயில்லாக் குட்டிக்கு என்னலே குடுக்குற?"

"தழைதான். சாமி காரியத்துல தலையிடாதீக."

பொழுது சாயும் நேரத்தில் நாகலெட்சுமியையும் வரவழைத்துவிட்டுப் பூமிநாதன் பேசினார். "ரத்தம்னா ஈ மொய்க்கும், நாய் நக்கும். அது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச ஆரத்தித் தண்ணி. பட்டி பெருகுறது தாயாட்டாலதான். அதான் பங்கு பிரிக்கிறதுக்கு முந்தி முனி அதையாப் பாத்துக் கேட்டுருக்கு."

"அப்ப ஆடு எங்கன?" என்றான் மஹ்மூது.

"இந்தப் பிஞ்சுக தழை தின்னாதுலே. வயித்தப் பாரு, பால் குடிச்ச வயிறு. செத்த ஆடா வந்து பால் குடுத்துட்டுப் போகுது?"

சொல்லிக்கொண்டே பட்டிப் படலைத் திறந்துவிட்டார். குட்டிகள் கத்திக்கொண்டே உப்பளத்தைத் தாண்டி, பூட்டிக் கிடந்த பழைய கொட்டகைக்கு நேராக ஓடின. இருட்டுக்குள்ளிருந்து, புதைத்ததாகச் சொன்ன ஆடுகள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன. வெட்டவில்லை என்று தெரிந்தும் மஹ்மூதுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூக்கையா தலை குனிந்தான். "குட்டியப் பட்டினி போட மனசு வரல. விடியுமுன்ன ஓட்டிட்டுப் போயி ஊட்டிட்டு வருவேன்."

நாகலெட்சுமி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னயப் பட்டினி போட மட்டும் மனசு வந்துச்சாக்கும்."