மைனஸ் நாலரை

"இதோ பாருங்க, இந்தக் கல்யாணத்துல எனக்கு இஷ்டமில்லை. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லை... ஆனா டூர்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்து, எனக்கே தெரியாம என்னைப் பொண்ணு பார்க்கிறது எனக்குப் பிடிக்கலை. உங்களையும் பிடிக்கலை. இதை நீங்களே உங்க வீட்ல சொல்லிட்டீங்கன்னா எங்கப்பாவுக்குக் கௌரவமா இருக்கும். தேங்க்ஸ்."

ஏலகிரி படகுத்துறையின் டிக்கெட் வரிசையில் நின்றபடி, சின்மயி இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். வேனில் நாலு மணி நேரம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

எதிரே நின்ற இளைஞன் கண்களைச் சுருக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். அழகான கண்கள்தான்... ஆனால் அந்தப் பார்வைதான் காலையிலிருந்து அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஓட்டல் வரவேற்பறையில் ஒரு தடவை, டிபன் சாப்பிடும் இடத்தில் ஒரு தடவை, இப்போது இங்கே. வைத்த கண் வாங்காமல் என்பார்களே, அதேதான்.

"மன்னிச்சிடுங்க..." என்றான் அவன் மெதுவாக. "நீங்க யாரு?"

சின்மயிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். கிழக்குத் தாம்பரத்திலிருந்து விடியற்காலை வேன் கிளம்பியபோது, இது சும்மா ரெண்டு நாள் குடும்பச் சுற்றுலா என்றுதான் அவள் நம்பினாள். படப்பை தாண்டும்போது பிஸ்கட் தேடி அம்மாவின் பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய அரக்கு நிறப் பட்டுப்புடவை, அதற்குப் பொருத்தமான ரவிக்கை, ஜிமிக்கி. குளிருக்குப் போகிற இடத்துக்கு ஸ்வெட்டரை மறந்துவிட்டுப் பட்டுப்புடவையை மறக்காமல் எடுத்து வைக்கிற அம்மாவைப் பார்த்தால் குழந்தைக்கும் புரிந்துவிடும். இதற்கு முன் மூன்று வரன்கள் வந்து, பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். 'இனிமே உன்கிட்ட சொல்லாம எதுவும் செய்ய மாட்டேம்மா' என்று போன மாதம்தான் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு மீறப்பட்டதுதான் அவளுக்கு வலித்தது. வேனில் வாயே திறக்காமல் வந்தாள்.

மலை ஏறியதும் அம்மாவுக்குத் தலைவலி. அப்பா சாம்பசிவன் போனும் கையுமாக அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். சின்மயி தனியாக ஏரிக்கு வந்தாள். இவனும் வந்து நின்றான். பின்தொடர்ந்து வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினால் அது அவள் தப்பா?

"நீங்க... பொண்ணு பார்க்க வந்தவர் இல்லையா?"

"இல்லைங்க. நான் எங்கக்கா ஃபேமிலியோட வந்திருக்கேன். அவங்க அதோ படகுல..." என்று ஏரியைப் பார்த்துக் கை காட்டினான். அவன் காட்டிய திசையில் படகே இல்லை. ரெண்டு வாத்துகள் இருந்தன.

"அப்ப ஏன் காலையிலேர்ந்து என்னையே பார்த்தீங்க?"

"உங்களைப் பார்க்கலைங்க. இப்ப உங்களுக்குப் பின்னாடி டிக்கெட் ரேட் போர்டு இருக்கில்ல, அதைப் படிக்க ட்ரை பண்ணேன். ஓட்டல்ல மெனு போர்டு. ரிசப்ஷன்ல கடிகாரம். மூணு தடவையும் யாரோ குறுக்க வந்து நின்னாங்க, அது நீங்கதான் போலிருக்கு."

"போர்டைப் படிக்க இவ்வளவு நேரமா?"

"கண்ணாடி இல்லைங்க. மலை ஏறும்போது பத்தாவது வளைவுல வாந்தி வந்துடுச்சு. ஜன்னல் வழியா தலையை நீட்டினேன். வாந்தியும் போச்சு, கண்ணாடியும் போச்சு."

"ஸ்பேர் எடுத்துட்டு வரலையா?"

"அதுதான் ஸ்பேர்."

பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று சின்மயிக்கு இருந்தது. அவமானத்திலும் பெரிய அவமானம் என்னவென்றால், அவள் வேலை பார்ப்பதே கேம்ப் ரோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் இருட்டறையில் உட்காரவைத்துப் பவர் பார்ப்பார்களே, அந்த வேலை. தினம் அறுபது ஜோடிக் கண்கள். கிட்டப்பார்வைக்காரன் கண்ணைச் சுருக்குவதைக் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளமே தருகிறார்கள்.

"ஸாரி..." என்றாள். "எவ்வளவு பவர்?"

"ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் நாலரை."

"அப்ப இருபத்திரண்டு சென்டிமீட்டர் வரைக்கும்தான் தெளிவாத் தெரியும். அதைத் தாண்டினா எல்லாம் மங்கல்."

"கரெக்டா சொல்றீங்களே."

"அதான் என் வேலை."

"ஒரு சாண் தூரம்..." என்று தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "அப்ப என்னை இவ்வளவு நேரம் திட்டினது யார்னு நான் தெரிஞ்சுக்கணும்னா..."

"தெரிய வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

அவன் சிரித்தான். பெயர் ஷ்யாம்சுந்தர் என்றான். அவளும் தன் பெயரைச் சொன்னாள். வீடு சேலையூர். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், புது வண்டிகளின் பெயின்ட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை.

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா?"

"கண்ணாடியோட பார்த்தா என் கண்ணுலேர்ந்து ஒண்ணும் தப்பாதுங்க."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படகுகளை எல்லாம் கரைக்குத் திருப்பச் சொல்லி விசில் ஊதினார்கள். வரிசை கலைந்து, ஜனம் முழுக்க ஒரு தகரக் கொட்டகைக்குள் அடைக்கலம் புகுந்தது. அவன் எங்கே போவதென்று தெரியாமல் நின்றதைப் பார்த்து, சின்மயிதான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ரெண்டு தட்டு மிளகாய் பஜ்ஜியும் வாங்கினாள். ஒரு தட்டு பிராயச்சித்தம்.

சாரல் ஒரு பக்கம் அடித்தது. கூட்டம் நெருக்கியது. தட்டை நீட்டிக்கொண்டு நிமிர்ந்தவள்... அவன் முகத்துக்கு மிக அருகில் இருந்தாள். ஒரு சாண்தான் இருக்கும்.

சுருங்கியிருந்த அவன் கண்கள் மெல்ல விரிந்தன. டிகாஷன் நிறத்தில் கருமணி... இமை முடிகளில் மழைத்துளி... அறுபது ஜோடிக் கண்களில் லென்ஸையும் நரம்பையும் மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு, அந்தக் கண்களுக்குள் தன் முகம் தெரிந்தது புதிதாக இருந்தது.

"மூக்குக்கு மேல சின்னதா ஒரு மச்சம் இருக்கு," என்றான் அவன், யாருக்கும் கேட்காத குரலில்.

அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

மழை விட்டதும் அவன் அக்கா ப்ரியா நனைந்த புடவையோடு வந்து தம்பியை மீட்டுக்கொண்டு போனாள். "ஊருக்குப் போனதும் கடையில ரெடிமேடா வாங்கிடாதீங்க," என்றாள் சின்மயி. "கேம்ப் ரோட்டுல எங்க கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க. சரியா பார்த்துத் தர்றேன்." அவன் தலையாட்டினான், தூணைப் பார்த்து.

சாயங்காலம் உண்மையான மாப்பிள்ளை வந்தான். கேஷவ். புனேயில் வேலை, அப்பாவின் பழைய ஆபீஸ் சிநேகிதரின் மகன். பேச்சில் மரியாதை இருந்தது, சிரிப்பில் கள்ளம் இல்லை. குறை சொல்ல ஒன்றுமே இல்லாததுதான் சிக்கல். 'இஷ்டமில்லை' என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் காலையில் அவ்வளவு கோர்வையாக வந்த பேச்சு, ஓட்டல் சாப்பாட்டு ஹாலில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தபோது வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒத்திகை பார்த்ததை எல்லாம் தப்பான ஆளிடம் கொட்டித் தீர்த்தாகிவிட்டது.

"பொண்ணுக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்றார் சாம்பசிவன். "ஊருக்குப் போய் நாள் பார்த்துடலாம்." சந்தோஷம் தாங்காமல் ஜாங்கிரித் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மேஜைகளுக்கும் போனார். அப்போதுதான் சாப்பிட வந்து உட்கார்ந்த ஒரு குடும்பத்துக்கும் கொடுத்தார். "எங்க பொண்ணு சின்மயிக்குக் கல்யாணம் நிச்சயமாகப் போறது, எடுத்துக்கோங்க."

ஜாங்கிரியை வாங்கிக்கொண்ட கை ஷ்யாமுடையது. அரக்குப் புடவை அவனுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் காது நன்றாகவே கேட்கும்.

மறுநாள் காலை, ஓட்டல் தோட்டத்தில் பனி இறங்கியிருந்தது. சின்மயி அவனைத் தேடிப் போனாள். காலடிச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டு எழுந்து நின்றான்.

"வாழ்த்துகள்ங்க."

"எதுக்கு? நான் சரின்னு சொல்லலையே..."

"வேண்டாம்னும் சொல்லலையே."

"அப்பா அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. எனக்கு வாயே வரலை."

"முன்னப் பின்ன தெரியாத என்கிட்ட பளிச்சுனு சொன்னீங்க. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லலை." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "எனக்கும் ஏதேதோ சொல்லணும்னு இருந்துச்சு. ஆனா இன்னொருத்தர் வீட்டு ஜாங்கிரியைத் தின்னுட்டு அதைச் சொல்ல எனக்கு மனசு வரலைங்க. கிளம்பறோம்."

கல் தடுக்கித் தடுமாறி, சமாளித்துக்கொண்டு போனான். கை கொடுக்க ஓடியவளை வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டான். அவன் மேல் வந்த கோபம் ரெண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. தன் மேல்தான் கோபம்.

திரும்பும் வழியில் காபிக்கு வேனை நிறுத்தினார்கள். அம்மா கை கழுவப் போன நேரத்தில் சொல்லிவிட்டாள்.

"அப்பா, எனக்கு அந்தக் கேஷவ் வேண்டாம். அவர் நல்லவர்தான். ஆனா நீங்க என்கிட்ட சொல்லாமலே பண்ணீங்க. போன மாசம் வாக்குக் கொடுத்தீங்கப்பா."

சாம்பசிவன் டம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னா நீ வந்திருக்க மாட்டே."

"வந்திருப்பேன். வேண்டாம்னு சொல்லவாவது வந்திருப்பேன்." நிறுத்தாமல் தொடர்ந்தாள். "இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு வேற ஒருத்தரைப் பிடிச்சிருக்கு."

"எத்தனை நாளா?"

"நேத்துலேர்ந்து."

அப்பா டம்ளரை எடுத்து மிச்சக் காபியைக் குடித்தார். வேன் கிளம்பி, காஞ்சிபுரம் தாண்டி, வாலாஜாபாத் தாண்டி, ஒரகடம் சிக்னலில் நிற்கும் வரை வாயைத் திறக்கவில்லை. சின்மயி ஜன்னலோரம் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேஷவ் வீட்டுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்," என்றார் திடீரென்று, ரோட்டைப் பார்த்தபடி. "ஜாங்கிரி கொடுத்தது தப்பாப் போச்சு. உன்கிட்ட சொல்லாம கூட்டிட்டு வந்ததும் தப்புதான். அந்தப் பையன் பேர் என்ன?"

சொன்னாள்.

"அவனுக்கு உன்னைப் பிடிச்சிருக்கா?"

"நான் இன்னும் கேட்கலைப்பா."

"நல்ல கூத்து," என்றார் அப்பா. ஆனால் அவர் கை அவள் தலையை ஒரு தடவை தடவிவிட்டு வந்தது.

திங்கள்கிழமை அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். புதன்கிழமை மதியம், பதினேழாம் நம்பர் டோக்கனோடு ப்ரியா கதவைத் திறந்தாள். "வேற கடைக்குப் போலாம்னா கேட்க மாட்டேங்கறான். இங்கதான் வருவேன்னு ரெண்டு நாளா வாசல் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்பறான்," என்று தம்பியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

இருட்டறை. சுவரில் எழுத்து அட்டை மட்டும் வெளிச்சமாக இருந்தது. லென்ஸ் மாட்டும் கனமான சட்டத்தை அவன் மூக்கில் வைத்தாள். ஒரு லென்ஸைப் போட்டாள், எடுத்தாள், இன்னொன்றைப் போட்டாள்.

"எது நல்லா இருக்கு... முதல்லதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"கடைசி வரி படிங்க," என்று அட்டைப் பக்கமாக நகர்ந்து நின்றாள்.

அவன் படித்தான். அட்டையைப் படித்து முடித்த கண்கள் அவள் பக்கம் திரும்பி, அங்கேயே நின்றுவிட்டன. ஆறடி தூரத்தில் அவள் முழுசாகத் தெரிந்தாள்.

"அந்தக் கல்யாணம் இல்லை," என்றாள் சின்மயி. "அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்க பேரையும் சொல்லிட்டேன்."

"என்னைக் கேட்காமலா?"

"ஆமா. இப்ப கேட்கறேன். எனக்கு நீங்க வேணும். உங்களுக்கு..?"

வெளியே யாரோ பதினெட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"வாழ்த்துகள்னு சொன்னேனே... அது பொய்ங்க," என்றான் ஷ்யாம். "பஜ்ஜித் தட்டை நீட்டிட்டு நிமிர்ந்தீங்க பாருங்க, அப்பவே எனக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை அப்பா வீட்ல இருப்பாரா? அக்காவைக் கூட்டிட்டு வர்றேன்."

அவள் தலையாட்டினாள். வேலையாவது பார்க்கலாம் என்று டார்ச்சை எடுத்து அவன் கண்ணில் அடித்தாள். ரெண்டு கண்ணிலும் தண்ணீர் தளும்பி நின்றது.

"கண்ணுல தண்ணி இருந்தா பவர் சரியா வராது," என்றாள்.

"அப்ப இன்னொரு நாள் வரட்டுமா?"

"வேண்டாம்... உட்காருங்க," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள் சின்மயி, புடவைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு பேருக்கும் நிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."