வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்

காலையில் பாதி தட்டச்சு செய்து வைத்த கோப்பு மதியம் திறக்கவில்லை. ‘இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்’ என்றது திரை. வீட்டில் அவளையும், உள்ளறையில் சளிக்காய்ச்சலோடு தூங்கும் நான்கு வயது மகளையும் தவிர ஆளில்லை.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் அறிக்கைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. காது அவளுக்குச் சோறு போடுகிறது. டாக்டர் நடுவில் பிஸ்கட் கடித்தால்கூட, அது மொறுமொறுப்பா நமுத்ததா என்று சொல்லிவிடுவாள். அந்தப் பதிவுகளும் மகளின் படங்களும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கொழுந்தன்தான் அதைக் கூடத்து வைஃபை பெட்டியில் செருகி, அவளுடைய கம்ப்யூட்டரும் கணவனுடைய கம்ப்யூட்டரும் கம்பியில்லாமல் பகிர்ந்துகொள்ள வழி செய்து கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்டு உயிரை வாங்குகிறது என்று அதை எடுக்கச் சொன்னவள் இவள்தான்.

“எடுத்துட்டா யார் வேணா உள்ள வரலாம் அண்ணி.”

“வரட்டுமே. என்னத்த அள்ளிட்டுப் போகப் போறாங்க?”

இப்போது மகளின் படங்களுக்கு நடுவே பெயரில்லாத ஒரு ஒலிப்பதிவு கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் அளவு கூடிக்கொண்டே போனது. அதுவரை சேர்ந்ததைத் தன் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

யாரோ மென்றுகொண்டிருந்தார்கள். வாயை மூடாமல், எச்சில் சளசளவென்று புரள, நாரும் சவ்வுமான எதையோ கடைவாய்க்கும் முன்வாய்க்கும் மாற்றி மாற்றி அரைத்து, பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் உறிஞ்சி எடுத்து, தொண்டைக்குள் இறங்கியது பிடிக்காததுபோல் மறுபடி மேலே கொண்டுவந்து, மறுபடி மெல்லும் சத்தம். அந்த எச்சில் தன் காதுக்குள்ளேயே வழிவதுபோல் இருந்தது அவளுக்கு. ஹெட்ஃபோனைக் கழற்றி வீசிவிட்டுக் கணவனை அழைத்தாள்.

“ஏங்க, உங்க கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கா?”

“பையில இருக்கு. நான் ரயில்ல இருக்கேன். ஏன்?”

“டிஸ்க்ல வேற யாரோ இருக்காங்க. ஏதோ அசிங்கமா ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க.”

“பக்கத்து வீட்டுப் பசங்களா இருக்கும். பெட்டிய ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.”

உலகத்துச் சங்கடம் அத்தனைக்கும் அவனிடம் இருப்பது இந்த ஒரே மருந்து. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் பொத்தான் இருந்தால் அழுத்திப் பார்த்திருப்பான்.

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கூடம் மதியத்திலேயே மங்கிக் கிடந்தது. பெட்டி இருந்த அலமாரியை நெருங்கும்போதே நாற்றம் வந்தது. பல நாள் பல் விளக்காத வாயைப் பக்கத்தில் வைத்து மூச்சு விட்டதுபோல் வெதுவெதுப்பான நாற்றம். டிஸ்க்கைப் பிடுங்கக் கைவைத்தாள். வழுக்கியது. வெள்ளையாக, நுரையோடு, நூல்நூலாக விரலில் இழுத்துக்கொண்டு வந்தது. ச்சீ! புடவையில் துடைத்தாள். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை உருவினாள். டிஸ்க்கின் விளக்கு சிமிட்டி அணைந்தது.

கைகழுவ ஓடும் வழியில், மேசையில் கிடந்த ஹெட்ஃபோன் இன்னும் சளசளத்துக்கொண்டிருந்தது. நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தப் போனவள், தொழில் புத்தி விடாமல், ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்தாள். மெல்லும் சத்தத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மழை. தகரத்தில் விழும் மழை.

அப்புறம் தட்டச்சு. ஒரு பொத்தான் மட்டும் கட்டையாக விழும் தட்டச்சு. அவளுடையது. தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

இன்னொன்றும் இருந்தது. மிகப் பக்கத்தில். மெல்லும் வாயை ஒட்டி.

மூக்கடைத்த ஒரு சின்ன மூச்சு. கொர்... கொர்... கொர்...

ஹெட்ஃபோன் கையிலிருந்து விழுந்தது. சத்தம் நிற்கவில்லை.

உள்ளறையிலிருந்து வந்தது.

கதவைத் தள்ளினாள். அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது. கட்டிலில் மகள் விளிம்பை ஒட்டிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. போர்வை கலையவில்லை. தாய்க்குப் போன உயிர் திரும்பியது.

“அம்மா,” என்றாள் குழந்தை, தூக்கம் கலையாமல். “இழுக்காதம்மா. வலிக்குது.”

காலையில் அவள் பின்னிவிட்ட சடை தலையணையைத் தாண்டி, கட்டில் விளிம்பைத் தாண்டி, கீழே இருட்டுக்குள் போயிருந்தது. விறைப்பாக. நுரையோடு. சளக், சளக் என்று மெல்ல மெல்ல, தலை கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது.