மூன்று விநாடி நித்திரை

வெள்ளிக்கிழமை, மதியம் 12.21. மிசிசாகாவில் பிள்ளையார் கோயில் வாசலில், ஏழாம் இலக்க வான் ஒரு கிழவியை இடித்துவிட்டு நிற்காமல் போனது. கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வானுக்கு ஒரு விளக்குத்தான்.

12.35. வான் டிப்போவில் நின்றது. அதற்குள் இருந்த கமரா ஓட்டுநரின் இமைகளை மட்டும் கவனிக்கும், முகத்தைப் பதியாது. மூக்குச் சொறிவதைக்கூட முதலாளி பார்ப்பார் என்று பதினொரு ஓட்டுநர்களும் மூன்று கூட்டம் போட்டு வென்ற சலுகை அது. மூன்றாம் கூட்டத்தில் கமராவே கொட்டாவி விட்டது.

அந்தக் கமரா, வானில் செருகியிருந்த ஓட்டுநர் அட்டையைப் படித்துப் பதிந்திருந்தது: ஓட்டுநர் சீமோன். கண் மூடியது மூன்று விநாடி.

2.10. முதலாளி சண்முகநாதனின் கந்தோர்.

“நித்திரை எண்டு ஒப்புக்கொள் சீமோன். நாலு மணிக்குப் பொலிஸ் வருது.”

“இல்லை முதலாளி. பன்னிரண்டுக்கு வானை விட்டிட்டு, மேல்மாடியில சாப்பிட்டுப் படுத்தனான்.”

“ஆர் கண்டது?”

“மற்றவை எல்லாரும் ரோட்டில. லைசென்ஸ் போனால் என்ர சீவியமே போச்சு.”

“உன்ர ஓட்டுநர் காட்?”

“வானுக்கையே கிடக்கும். வான் திறப்பு உங்கட சுவரில தொங்குது.”

பக்கத்து அறையில் இருந்து வண்டிகளுக்குப் போனில் வழி சொல்லும் மங்கையற்கரசி மூலையில் இருந்தாள். அவளிடம் முதலாளி ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

“பிடி தங்கச்சி, வெள்ளிக்கிழமை. காலமையில இருந்து நான் கதிரையை விட்டு எழும்பேல்லை.”

சர்க்கரைப் பொங்கல், இளஞ்சூடு. அவள் முழுவதையும் சாப்பிட்டாள். நீதி வேறு, நெய் வேறு.

2.40. ஏழாம் வானின் ஒரு மாதப் பதிவைத் திறந்தாள்.

3.30. திரும்ப வந்தாள்.

“அண்ணை, நித்திரைக்கு விலாசம் இருக்கோ?”

“என்ன விசர்க் கதை?”

“ஏழாம் வானில நாலுதரம் கண் மூடியிருக்கு. நாலும் வெள்ளி மத்தியானம், நாலும் கோயில் வாசல்.”

“கமரா பொய் சொல்லாது.”

“சொல்லேல்லை. கண் மூடினது உண்மை. நித்திரையில இல்லை, கும்பிடேக்க. சீமோன் வேதக்காரன். மாதா கோயிலைக் கண்டாலும் சிலுவை போடுவான், கண் மூடான். அந்த நேரம் டிப்போவில இருந்த மற்ற ஆம்பிளை நீங்கள் ஒராள்தான். கதிரையை விட்டு எழும்பாதவருக்குக் கோயில் பொங்கல் நடந்தே வந்தது?”

“ஆரும் கொண்டுவந்து தரலாம்.”

“பேரைப் பொலிசுக்குச் சொல்லுங்கோ. கோயில் வாசலிலயும் கமரா இருக்கு. அது முகம் பிடிக்கும்.”

சண்முகநாதன் நெற்றியைத் துடைத்தார். திருநீறு கையோடு வந்தது.

“கோயிலால வெளிக்கிடேக்க ஒருக்கால் கும்பிட்டனான், தங்கச்சி. மூண்டே மூண்டு விநாடி.”

“சீமோனில பழி போட எத்தினை விநாடி எடுத்தது?”

நான்கு மணிக்குப் பொலிஸ் வந்தது. முதலாளி அவர்களோடு போனார். திங்கட்கிழமை டிப்போவுக்குப் பூட்டு விழுந்தது.

பூட்டின் முன்னால், ஞாயிறு பூசையில் சீமோனுக்குப் பக்கத்தில் முழங்காலிடும் ஓட்டுநர் இக்னேசியஸ் நின்றான்.

“நீ ஒருத்தன் ஓம் எண்டிருந்தால், பத்துப் பேர் இண்டைக்கு வேலைக்குப் போயிருப்பம்.”

சீமோன் மற்ற ஒன்பது ஓட்டுநர்களைப் பார்த்தான். ஒன்பது பேரும் இக்னேசியஸின் பக்கம் நகர்ந்து நின்றார்கள்.