போங்கள்

பொத்தானை மாற்றி ஆறு மணி நேரம் கழித்து முதல் பதில் வந்தது.

பதில் வருவதே விசித்திரம்தான். இலவசத் தீவுப் பயண வழிகாட்டிக்கு மின்னஞ்சல் முகவரி கொடுக்கிறவர்கள் பதில் எழுதுகிற ரகம் இல்லை. கடையில் சும்மா கொடுக்கிற துணிப்பையை வாங்கிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை வரிசையில் நிற்கிற ரகம். அவர்களுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் 'இலவசங்கள்'. புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு இலவசத்தையும் வரவேற்றுக் கடிதம் அனுப்புவது அவள் வேலை. 'அன்புள்ள பயணியே' என்று அது தொடங்கும். சோபாவை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கவும் சோம்பல்படுகிற ஒருவரைப் பயணி என்று அழைப்பதில் அவளுக்குத் தினமும் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது.

பதிலில் இரண்டே வரி.

'வந்து சேர்ந்துவிட்டேன். விளக்கு நீங்கள் எழுதியபடியே நீலமாக இருக்கிறது.'

வேலைவெட்டி இல்லாத எவனோ என்று நினைத்து அழித்தாள்.

அலுவலகம் டயர் கடைக்கு மேலே ஒரே அறை. கீழேயிருந்து ஏறும் ரப்பர் வாசனை, நாற்காலித் துணி வரை ஊறிப்போயிருந்தது. ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீர் ஒரு பழைய பெயின்ட் வாளியில் நாளெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடித் தடுப்புக்குள் முதலாளி. முகவரிகளைச் சேர்த்து விடுதிக்காரர்களுக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் விற்பது அவர் தொழில். வேலையில் சேர்ந்த அன்று, எந்தத் தீவைப் பற்றி எழுத வேண்டும் என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நீயே நல்லதாக ஒன்று எழுதும்மா, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்றார் அவர்.

எழுதினாள். ஒரு படகுத்துறை, நீல விளக்கு, ஒரு விடுதி, வால் இல்லாத பூனை. இயற்பியல் படித்த பாவத்துக்கு, அலை ஏறி இறங்கும் நேரங்களை மட்டும் ஒழுங்காகக் கணக்குப் போட்டாள். மற்றதெல்லாம் வாய்க்கு வந்தது. 'இங்கே மாலை வெளிச்சம் முடிவதே இல்லை.' 'எங்கு திரும்பினாலும் சிரித்த முகங்கள்.' 'ஊர்க்காரர்கள் உங்களை விடவே மாட்டார்கள்.' அதற்கு மேல் மெனக்கெடும் அளவுக்கு இலவசங்களுக்குத் தகுதி போதாது. விஷயம் என்னவென்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை.

வீட்டில் அவளும் சொல்லவில்லை. அலுவலகமே செலவு செய்து தன்னைத் தீவுக்கு அனுப்பியதாகச் சொல்லிவிட்டு, தோழியின் அறையில் மூன்று நாள் படுத்துக் கிடந்துவிட்டு வந்தாள். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். வழிகாட்டியின் பெயரை அம்மா எத்தனையோ தடவை கேட்டும் அவள் மழுப்பினாள். ஷாம்பு பாக்கெட்டுக்கும் சுவர்க் காலண்டருக்கும் எங்கே சொன்னாலும் பெயர் கொடுத்து, வந்ததையெல்லாம் பிரிக்காமல் இழுப்பறையில் அடைத்து வைக்கிறவள் அம்மா. இலவசங்கள் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது அந்த முகம்தான்.

அன்று காலைதான் பொத்தான் மாறியது. வரவேற்புக் கடிதத்தின் அடியில், வழிகாட்டியைத் திறப்பதற்காக 'போய் வாருங்கள்' என்று இருந்த பொத்தான், கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக உடைந்தது. வடிவமைப்பாளரை அலுவலகத்தில் 'ஓரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் காட்டினாலும் இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளு என்பார். ஒரே வார்த்தையாகச் சுருக்கச் சொன்னார். அவள் 'போங்கள்' என்று தட்டினாள்.

"என்னம்மா இது, துரத்துற மாதிரி இருக்கு?"

"துரத்தினாலும் போகாதுங்க, சார். அதுங்க எங்க போகப்போகுது."

ஓரம் சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டார். வீட்டில் அவள் அவசரத்தில் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் போதும், அம்மா படி இறங்கி வந்து மறித்துக்கொள்வாள். 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வைத்துத்தான் விடுவாள். பொத்தான் மாறிய அந்த நொடியில் அது அவள் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

சாயங்காலம் ஓரம் கிளம்பிய பிறகு பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின.

'விடுதியின் முன்பக்கம் அழகு. பின்பக்கம் எங்கே?'

'வெளிச்சம் மாறவே இல்லை. குழந்தைகள் தூங்க மறுக்கிறார்கள்.'

குறும்பு செய்யக்கூட இதுகளுக்குச் சொந்தமாக ஒரு வரி வராதா என்று எரிச்சலோடு படித்தாள். விடுதிக்குப் பின்பக்கம் எழுதாதது உண்மைதான். எதற்கு எழுத வேண்டும்? அடுத்ததைத் திறந்தாள்.

'ஊர்க்காரர்கள் நல்லவர்கள். சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய கண்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லையே.'

இதை மட்டும் அவள் அழிக்கவில்லை. கை சுட்டியின் மேல் அப்படியே இருந்தது. ரப்பர் வாசனை எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை. அதன் இடத்தில் வேறொன்று இருந்தது, வெகுநாள் தண்ணீரில் கிடந்த கயிற்றின் வாசனை, உப்பும் பாசியும் கலந்தது. வாளியில் சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. நின்ற இடத்தில் ஏதோ மெதுவாக வந்து தரையைத் தொட்டு, கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு பின்வாங்கியது. மறுபடி வந்தது. மணியைப் பார்த்தாள். அவள் போட்ட கணக்கின்படி, தீவில் அலை ஏறும் நேரம்.

முதலாளியிடம் போனாள். அவர் குதூகலத்தில் இருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கடிதம் போன அத்தனை பேரும் இன்றைக்குப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்களாம். பதில்களைக் காட்டியபோது, ஓசியிலும் குறை சொல்கிற கூட்டம் இது என்றார். ஏதாவது கேட்கிறதா என்று கேட்டாள். ஏசியை நாளைக்குச் சரிசெய்ய ஆள் வருகிறான் என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

அன்று சேர்ந்தவர்களின் முகவரிகளைத் திரையில் இறக்கினாள். வழக்கம்போல அபத்தமான முகவரிகள். பிறந்த வருடம், செல்லப்பெயர், பூவின் பெயர். கடைசிக்கு முந்தியது அவளே உருவாக்கிக் கொடுத்த முகவரி.

அம்மாவுடையது.

பொத்தானை அழுத்தியாயிற்று என்பதற்கான பச்சைப் புள்ளி அதன் பக்கத்தில் இருந்தது.

வீட்டுக்கு அழைத்தாள். அப்பா எடுத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக் கிடக்கிறதாம். அம்மாவைக் காணோமாம். மாடியில் பார்த்தாராம், பக்கத்து வீட்டில் கேட்டாராம்.

"செருப்பு வாசல்லதாம்மா கிடக்கு," என்றார்.

கடிதத்தைத் திறந்தாள். 'போங்கள்' என்பதை அழித்தாள். 'போய் வாருங்கள்.' இரண்டு வரியாக உடைந்தால் உடையட்டும். அம்மாவின் முகவரியைத் தட்டினாள். அனுப்பினாள்.

'இந்த முகவரிக்கு வரவேற்பு ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது.'

ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வரவேற்பு. முதலாளியின் சிக்கனம். மறுபடி அனுப்பினாள். அதே வரி. மறுபடி. அதே வரி.

காலடியில் ஈரம். குனிந்து பார்க்கவில்லை.

அம்மாவின் கைப்பேசிக்கு அழைத்தாள். மணி அடித்தது. வெகுதூரத்தில் அடிப்பது போல. பிறகு காற்று. பிறகு அலை.

"எங்கம்மா இருக்கே?"

"நீயே சொல்லு பாப்போம்." அம்மாவின் குரல் மலர்ந்திருந்தது. "பேரைச் சொல்லாம எத்தனை நாள் ஏமாத்தினே? பூனையைப் படிச்சதுமே புடிச்சிட்டேன். நம்ம மொட்டைவால்தானே அது? என் பொண்ணு எழுதினதுன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

எல்லாரும். பின்னால் சிரிப்பு. பல வாய்கள். ஒரே அளவு.

யாரோடும் எங்கேயும் போகாதே, அங்கேயே நில் என்றாள்.

"படகுத்துறையிலதான் நிக்கிறேன். இவங்க விட மாட்டேங்கிறாங்கடி. கையைப் புடிச்சுக்கிட்டே இருக்காங்க." அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் மெலிந்தது. "ஏண்டி, இவங்களுக்குக் கண்ணு..."

முடிக்கவில்லை.

"அம்மா."

"பாலை அடுப்புல வச்சிட்டு வந்திருக்கேன். அப்பாவுக்கு அணைக்கக்கூடத் தெரியாது. திரும்புற படகு எப்பன்னு நீ எழுதவே இல்லையே. நீ வந்தப்ப எதுல திரும்பினே?"

பொய் ஒன்று போதும். ஒரு படகு, ஒரு நேரம். நாளெல்லாம் அதைத்தானே செய்கிறாள்.

"சொல்லுடி. இவங்க இழுக்கிறாங்க."

"நான் அங்க வந்ததே இல்லம்மா."

"என்ன சொல்றே?"

"அப்படி ஒரு தீவே இல்ல. நான் இங்க உக்காந்து எழுதினது."

சிரிப்பு நின்றது. எல்லா வாயும், ஒரே நொடியில். காற்று நின்றது. அலை நின்றது. அம்மாவின் மூச்சு மட்டும்.

"அப்ப," என்றாள் அம்மா. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, மிகத் தாழ்ந்த குரலில்.

"அப்ப நான் எதுமேலடி நிக்கிறேன்?"