இரண்டு டிச் பட்டன்கள்

அது 2003ஆம் ஆண்டு. கிழக்கேகோட்டை அருகே இருந்த ஒரு பள்ளியில், மறுநாள் சயன்ஸ் எக்ஸிபிஷன்.

ஆறாம் வகுப்புச் செல்லபாயும் பிரேமாவும் ஒரு பெரிய துணி உருண்டையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பைக் காக்கும் வெள்ளணுக்களில் ஒன்று அது. வெள்ளணுவின் மேற்பரப்பில் புரதங்கள் இருக்கும் அல்லவா? அவற்றுக்குப் பதிலாக டிச் பட்டன்கள். பெரிய பட்டனின் பெயர் சிடி4. சின்னதின் பெயர் சிசிஆர்5. எச்.ஐ.வி. கிருமியோ சிவப்புத் துணிப்பந்து. பட்டன்களின் மறுபாதி அதில் இருந்தது.

இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கியவள் பிரேமா.

"எனக்குள்ள இருக்கியது என்னண்ணு எனக்குத் தெரியாண்டாமா?" என்றாள்.

ஆம், அந்தக் கிருமி பிரேமாவின் உடம்பில் பிறந்தபோதிலிருந்தே இருந்தது. வகுப்புக்கே அது தெரியும். செல்லபாயைத் தவிர வேறு எவரும் அவள் பெஞ்சில் உட்காருவதில்லை.

கடைசிச் சின்னப் பட்டன் பாதி தைத்தபோது நூல் அறுந்தது. பிரேமா புது நூலின் நுனியை உதட்டில் நனைத்தாள்.

"அய்யே! எச்சில்!" என்று கத்தினான் ஷிபு. நாளை பந்தை உருண்டையில் அழுத்தி ஒட்டிக் காட்டவேண்டியவன் அவன்தான். "நான் இதைத் தொடமாட்டேன், கேட்டியா!"

சுற்றி நின்ற வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பின்வாங்கினார்கள். பிரேமா ஊசியை டப்பாவில் வைத்து மூடினாள்.

"நாளைக்கு நான் வரல்ல, செல்லபாய். நீயே காட்டு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

செல்லபாய் சட்டென்று சிவப்புப் பந்தை எடுத்தாள்.

"ஷிபு, கேட்ச்!"

ஷிபு கிரிக்கெட்காரன். மனம் வேண்டாம் என்றாலும் கை பிடித்துவிட்டது.

"ஐயோ, தொட்டுட்டேனே!"

வகுப்பு சிரித்தது.

"இனி அதை உன் கையில தேய்ச்சுப் பாரு. ஒட்டுதா?" என்றாள் செல்லபாய்.

தேய்த்தான். பந்து வழுக்கிக்கொண்டு போனது.

"எப்படி ஒட்டும்? உன் தோலுக்கு மேல பட்டன் இல்லையே. எச்சில்லயும் இது பரவாதுடே."

"அப்போ ஊசி?" ஷிபு விடவில்லை.

வாசலில் நின்ற பிரேமா திரும்பினாள். "ரத்தத்துல பரவும். அதனாலதான் என் ஊசியை யாருக்கும் கொடுக்கமாட்டேன்."

ஷிபு யோசித்தான். பந்தை உருண்டையின் பெரிய பட்டனில் அழுத்தினான். 'டிச்!' இழுத்தான், கழன்று வந்துவிட்டது.

"ஒண்ணு போராது," என்றாள் செல்லபாய். "பெரியதைப் பிடிச்ச பிறகு சின்னதையும் பிடிக்கணும். அப்பத்தான் கிருமி உள்ளே நுழையும்."

மறுபடியும் பெரியதில் அழுத்திவிட்டுச் சின்னதில் அழுத்தினான். இழுத்ததும், பாதி தைத்த பட்டன் பிய்ந்து அவன் கையோடு வந்தது.

ஷிபு அதைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு நடந்து சென்று, பட்டனைப் பிரேமாவிடம் நீட்டினான்.

"எடீ பிரேமா, இதைத் தச்சுத் தா."

"எச்சில் நூலுதான் இருக்கு."

"இருக்கட்டும். உறப்பாத் தை. நாளைக்கு நான் பலமா அழுத்தி இழுப்பேன்."

பிரேமா பையை இறக்கி வைத்தாள். டப்பாவைத் திறந்து, நூலின் நுனியை உதட்டில் நனைத்து, ஒரே முயற்சியில் ஊசியில் கோத்தாள்.